தார்ப்பொட்டு

லாரிக்காரன் ஆரன் அடிக்கிற தோரணையிலேயே என்ன சரக்கு வந்திருக்கிறது என்று ஆனந்தவள்ளி சொல்லிவிடுவாள். ரப்பர் அட்டை மாதிரி லேசான சாமான் என்றால் கேட்டைத் திறக்கிறவரை கையை எடுக்காமல் அடிப்பான். இரும்பு என்றால் ஒரே தடவை அடித்துவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு இறங்கி நிற்பான். அன்றைக்கு ஆரன் ஒரு தடவைதான் கேட்டது. வேறு நாளாக இருந்தால், "வந்துட்டான்யா மகராசன், என் இடுப்ப ஒடிக்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போயிருப்பாள். அன்றைக்கு வாயைத் திறக்காமல் போய்க் கேட்டைத் திறந்தாள்.

"வூட்ல அண்ணன் எப்படிக்கா இருக்காரு?" என்றான் நசுருதீன். மூன்று நான்கு வருஷமாகச் சரக்கு கொண்டுவருகிறவன்.

"இருக்காரு தம்பி."

"சாப்புடுறாரா?"

"வெச்சா சாப்புடுவாரு. வெச்சதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. எறக்கு, மழை வர்றதுக்குள்ள."

புரட்டாசி மழை. கொள்ளிடத்துப் பக்கம் இருட்டிக்கொண்டு நின்றது. இவள் வேலை பார்க்கிற கொட்டகை ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, பாலத்துக்குப் போகிற தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. ரயில்பாதையைப் பழுது பார்க்க வேண்டிய சில்லறைச் சாமானெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற கிளிப்பு, அதற்கடியில் போடுகிற ரப்பர் அட்டை, போல்ட்டு, நட்டு, வாஷர். இறக்கி, ரகம் பிரித்து அடுக்கி, ஈரம் படாமல் காத்து, பாதையில் வேலை பார்க்கிற கேங் ஆட்கள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவளுடைய அப்பா கேங்கில் இருந்தபோது ரயிலில் அடிபட்டுச் செத்தார். அதற்காகக் கிடைத்த வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பார்க்கிறாள். ஆனால் தன் கையால் எடுத்துக் கொடுத்த இரும்பு பாலத்தில் எங்கே போய் எப்படி உட்காருகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. ஸ்டோர்க்காரிக்குப் பாலத்தில் என்ன வேலை?

அந்தப் பொட்டுச் சமாசாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு நடந்தது விளங்காது.

முன்னொரு மழைக்காலத்தில் கொட்டகைத் தகரம் ஒழுகி, பாலத்துக்கு வந்த கொக்கி போல்ட்டு மூட்டை முழுக்கத் துருப்பிடித்துப் போனது. நட்டு ஏறவில்லை என்று அத்தனையும் திரும்பி வந்தது. ஆனந்தவள்ளிக்கு மெமோ கொடுத்தார்கள். ஒழுகின தகரத்துக்கு யார் மெமோ கொடுப்பது? அதை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு மானம் போன மாதிரி இருந்தது. மரையில் எண்ணெய் தடவி வைப்பதுதான் ஸ்டோர் வழக்கம். அந்த மெமோவுக்குப் பிறகு இவள் எண்ணெயோடு விடவில்லை. மூன்று கல் கூட்டித் தாரை உருக்கி, பழைய எண்ணெய் கலந்து, ஒவ்வொரு போல்ட்டின் மேல்முகத்திலும் கட்டியாக ஒரு சொட்டு வைத்தாள். பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைக்கிற மாதிரி, வட்டமாக, ஒன்று விடாமல். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு போல்ட்டும் துருப்பிடிக்கவில்லை.

கேங்கில் இருந்த மீரான்தான் அதற்குப் பேர் வைத்தவன். "அக்கா போல்ட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சுல்ல மாப்ள வூட்டுக்கு அனுப்புது! மாமியா வூட்டுல போயிக் கண்ணக் கசக்காம இருங்கடி" என்று மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போவான். இவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "அடப் போடா, ஒனக்கும் ஒண்ணு வெச்சு விடுறேன்" என்பாள். சொன்னபடியே ஒருநாள் தார்க்கையை நீட்டிக்கொண்டு துரத்தியும் இருக்கிறாள்.

அந்த மீரான்தான் ஆவணிக் கடைசியில் பாலத்திலிருந்து விழுந்து செத்தான்.

பாலத்தில் தண்டவாளத்தை அவிழ்த்து அடியிலிருந்த அட்டையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ரயில் வராத இடைவெளியில் செய்கிற வேலை. அதற்கு பிளாக் என்று பேர். ஒரு பக்கம் கடப்பாரை போட்டு நெம்பினபோது, இரும்பு உத்தரத்தின் மேல் அசையாமல் கிடந்து தண்டவாளத்தைத் தாங்க வேண்டிய சிலீப்பர் கட்டை ஒரு முழம் வழுக்கி நகர்ந்தது. அதன் நுனியில் நின்றிருந்த மீரான் கீழே போனான். ஆற்றில் தண்ணீர் இருந்திருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ. விழுந்த இடத்தில் தூணுக்குக் காவலாகக் கொட்டியிருந்த கருங்கல். சிலீப்பரைக் கீழேயிருந்து கவ்விப் பிடிக்க வேண்டியது கொக்கி போல்ட்டு. அதன் கொக்கிகள் கவ்வவே இல்லை, திரும்பிக்கொண்டு வெறுமனே தொங்கியிருக்கின்றன. அந்தப் போல்ட்டுகளை முந்தின நாள் முடுக்கினவன் மதுரைவீரன். ஆனந்தவள்ளியின் புருஷன்.

செத்தவனும் முடுக்கினவனும் ஒரே சட்டியில் சோறு தின்றவர்கள். குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீடு. இப்போது நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் மீரான் பெண்டாட்டி ஜைத்தூன், செத்த புருஷனுக்காக இத்தா இருக்கிறாள், நாலு மாசம் வெளியே வரமாட்டாள். இந்தப் பக்கம் சஸ்பெண்டு ஆன மதுரைவீரன், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

சரக்கை இறக்கி முடித்த நேரத்தில் டெப்போ இன்ஜினியர் பிரதீப் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சின்ன வயசு. நல்ல மனுஷர்தான், ஆனால் மேலே யாராவது இருமினால் இவருக்குக் காய்ச்சல் வரும்.

"ஆனந்தவள்ளியம்மா, நாளைக்கு விசாரணைக்குப் பெரியவர் வராரு. ஸ்டோரையும் பாப்பாரு."

"பாக்கட்டும் சார். கூட்டி வெக்கிறேன்."

"கூட்டுறது மட்டும் போதாது. அந்தக் கொக்கி போல்ட்டு மிச்சம் இருக்குல்ல, அதையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சிடுங்க. பளிச்சுனு இருக்கணும்."

"மழைக்காலத்துல தார எடுத்தா துருவுல்ல புடிக்கும்?"

"புடிச்சா புடிக்குது. மேல ஒரு கோடு வெட்டியிருக்கும் பாருங்க, அது நல்லாத் தெரியணும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்தார். "எதுக்குன்னு கேக்காதீங்கம்மா. தொடச்சு வெச்சிருங்க."

பெரியவர் வருகிறார் என்றால் எல்லாவற்றையும் துடைத்து வைப்பது டெப்போ வழக்கம். மண்வெட்டிக் காம்புகூடப் பளபளக்கும். ஆகையால் ஆனந்தவள்ளி யோசிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தகர டப்பாவில் மண்ணெண்ணெயை ஊற்றி, பழந்துணியை நனைத்து உட்கார்ந்தாள். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பொட்டாக அழித்தாள். தார் கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. அதனடியிலிருந்து ஒரு சின்ன அம்புக்குறி வந்தது. அவள் அதைப் பார்க்காதவளில்லை. கம்பெனிக்காரன் போடுகிற முத்திரை என்று நினைத்திருந்தாள். எல்லாச் சாமானிலும்தான் ஏதோ ஒன்று வெட்டியிருக்கிறது.

மதியச் சோற்றைக்கூட எடுக்காமல் துடைத்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு வேறொன்றும் தெரியாது, அதுதான் அவள் கெட்ட நேரமும். கடைசியில் ஒரே ஒரு போல்ட்டு. தார் கல்லாக இறுகிப்போய் மண்ணெண்ணெய்க்கு அசையவில்லை. வீட்டில் கத்தியால் சுரண்டிக்கொள்ளலாம் என்று சோற்றுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான் மதுரைவீரன். காலையில் வைத்த சோறு ஈ மொய்த்தபடி அப்படியே இருந்தது.

"ஏங்க, இப்படி வயித்தக் காயப்போட்டா போனவன் திரும்பி வந்துருவானா?"

"நீ சாப்புடு."

"அகிலா போன் பண்ணுச்சா?"

"பண்ணுச்சு. ஆஸ்பத்திரில டூட்டியாம். இந்த வாரம் வரலையாம்." மகள் அகிலா புத்தூரில் நர்சிங் படிக்கிறாள்.

ஆனந்தவள்ளி ரசத்துக்குப் புளியை ஊறப்போட்டாள். அது ஊறுகிற நேரத்தில் போல்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அருவாமனைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய கத்தியால் பொட்டைச் சுரண்ட ஆரம்பித்தாள். அந்தக் கறகறச் சத்தம் கேட்டதும் மதுரைவீரன் விருட்டென்று எழுந்து வந்தான். அத்தனை நாளில் அவன் அவ்வளவு வேகமாக எழுந்ததில்லை.

"அத எதுக்குடி வூட்டுக்குக் கொண்டாந்த?"

"பெரியவர் வராருன்னு தொடைக்கச் சொன்னாரு பிரதீப் சாரு. இது ஒண்ணு வரமாட்டேங்குது."

"மத்ததெல்லாம்?"

"தொடச்சாச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஆமாங்க. அந்தக் கோடு நல்லாத் தெரியணும்னாரு." சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. "ஏங்க, இந்தக் கோடு எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. குடு இப்படி."

"சொல்லுங்க. எதுக்கு இந்தக் கோடு?"

"புளி ஊறிடுச்சு, போயி ரசத்த வை."

"ரசம் கெடக்குது நாசமாப்போக! கேக்குறேன்ல, வாயத் தொறந்து சொல்லுங்க!"

அவன் அவளெதிரே தரையில் உட்கார்ந்தான். போல்ட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக் காட்டினான்.

"கொக்கி கீழ இருக்கும். மேலேருந்து பாத்தா தெரியாது. நட்ட முடுக்கும்போது சில நேரம் போல்ட்டும் கூடவே சுத்திரும். சுத்திருச்சுன்னா கொக்கி உத்தரத்த விட்டு வெலகிரும். நட்டு என்னமோ இறுகுன மாதிரிதான் இருக்கும். கொக்கி எந்தப் பக்கம் பாக்குதுன்னு இந்த அம்புதான் சொல்லும்."

ஆனந்தவள்ளி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். வைத்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப பொட்டு..."

"ஆமா."

"அய்யோ! அய்யய்யோ! எம் பொட்டா?"

"சத்தம் போடாத. அங்கிட்டு ஜைத்தூன் இருக்கு." சுவரைக் காட்டினான்.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கொஞ்சம் அடங்கியதும் கேட்டாள்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். அவனைத் தூக்கிக்கிட்டுப் போனதுக்கப்புறம் மத்த போல்ட்ட சுரண்டிப் பாத்தேன்."

"பாத்துட்டுமா, பாக்காம முடுக்குனேன், எம் மேலதான் தப்புன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறீங்க?"

"எம் மேல தப்பு இல்லாமயா? முடுக்கும்போதே சுரண்டிருக்கணும். மொதநாளு கத்தியக்கூட எடுத்தேன் வள்ளி." போல்ட்டைத் தரையில் வைத்தான். "மீரான்தான் கையப் புடிச்சான். அக்கா ஆசையா வெச்ச பொட்ட அழிக்காத மாப்ள, பாவம் புடிக்கும்னு சிரிச்சான். எல்லாரும் சிரிச்சோம். வண்டி வர்ற நேரமும் ஆயிருச்சு. அப்படியே விட்டுட்டேன்."

அதைக் கேட்டபிறகு ஆனந்தவள்ளி அழவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நாளைக்கு நான் சொல்லப்போறேன்."

"என்ன சொல்லப்போற?"

"தார் வெச்சவ நான்னு."

"பைத்தியக்காரி! சொன்னா என்னைய விட்டுருவானுங்களா? ஒன்னையும் சேத்துத் தூக்குவானுங்க. ரெண்டு பேரும் தெருவுல நிக்கணும். அகிலா படிப்ப யாரு முடிக்கிறது? ஒருத்தர் பொழப்பாவது நெலைக்கட்டும்."

"ஒங்க பேரு கெட்டுப்போகுதே. கூட்டாளியக் கொன்னவன்னு ஊரெல்லாம் பேசுதே."

"பேசட்டும்."

"ஜைத்தூன் உங்களச் சபிக்கிறா. தெனம் காதுல விழுது."

"அது வாய்க்கு நான் இருக்கேன்ல. நீ வேற எதுக்கு?" என்றான். எழுந்து போய் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு அந்த வீட்டில் ரசம் வைக்கவில்லை.

மறுநாள் காலை பெரியவர் வந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். பிரதீப்பின் அறையில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கேங்குக்குத் தலைவராக இருக்கிற மேட் சந்திரசேகர் முதலில் போனார். பொட்டு வைத்த போல்ட்டை அவரும்தான் பார்த்துச் சிரித்தவர். பார்த்தேன் என்றால், பார்த்துவிட்டு ஏன் விட்டாய் என்று கேள்வி வரும். ஆகவே அவர் தார் என்ற சொல்லையே எடுக்கவில்லை. மதுரைவீரன் போனான். கவனக்குறைவு, என் மேல்தான் தப்பு என்று சொன்னான். திரும்பி வெளியே வரும்முன் ஆனந்தவள்ளி கூப்பிடாமலே உள்ளே நுழைந்தாள். பைக்குள்ளிருந்து போல்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அய்யா, இவரு மேல தப்பில்லீங்க. இந்தா பாருங்க, நான் தார் வெச்சு மூடிட்டேன். அம்பு தெரியாமப் போச்சு. நான்தான் அய்யா அந்தப் புள்ளையக் கொன்னேன்."

பிரதீப் காகிதத்தைப் புரட்டுகிற மாதிரி புரட்டினார். பெரியவர் போல்ட்டை எடுத்து, பாதி சுரண்டியும் பாதி தாராகவும் இருந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் இப்படித்தான் வெப்பீங்களா?"

"எல்லாத்துக்கும்தாங்க."

"வாங்க, பாப்போம்."

கொட்டகைக்குப் போனார்கள். அடுக்கியிருந்த அத்தனை போல்ட்டும் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் அம்பு கண்ணைப் பறித்தது. அவள் கை சுத்தம் அப்படி. எங்கே தேடினாலும் ஒரு துளி கறுப்பு கிடையாது.

"நேத்துத் தொடச்சேங்க. தொடைக்கச் சொன்னாங்க," என்று பிரதீப்பைப் பார்த்தாள்.

"இன்ஸ்பெக்‌ஷன்னா சுத்தம் பண்றது வழக்கம்தான் சார்," என்றார் பிரதீப், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பாலத்துலேருந்து கழட்டினது?"

"அதுவும் மண்ணெண்ணெயில ஊறப்போட்டுத் தொடச்சுத்தான் வெச்சிருக்கோம் சார்."

பெரியவர் மதுரைவீரன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. போல்ட்டுல தார் இருந்துச்சா?"

ஆனந்தவள்ளி புருஷனைப் பார்த்தாள். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுய்யா, என் ராசா, ஒரே வார்த்தை என்று அவள் கண் கெஞ்சியது. அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"இல்லீங்க அய்யா. அம்பு நல்லாத் தெரிஞ்சுச்சு. நான்தான் பாக்கல. இது என் சம்சாரம், என்னையக் காப்பாத்தணும்னு என்னத்தையோ சொல்லுது. நேத்து வூட்ல உக்காந்து தார் தடவிக்கிட்டு இருந்துச்சு, நானே பாத்தேன்."

பெரியவர் போல்ட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை. "எனக்குப் புரியுதும்மா. யாரு வூட்டுப் பொண்ணா இருந்தாலும் இதத்தான் செய்வா. போங்க, போயி வேலையப் பாருங்க," என்றார். அவள் வாய்விட்டுக் கத்தியிருக்கலாம். கத்தித்தான் பார்த்தாள். "சத்தியமாச் சொல்றேன் அய்யா, சமயபுரத்தா மேல ஆணை" என்று தரையில் அடித்தாள். சந்திரசேகர்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தார்.

தை பிறக்குமுன் மதுரைவீரனுக்கு வேலை போனது. சமயபுரத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாகச் சேர்ந்துகொண்டான். வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான், வந்தாலும் தண்டவாளப் பக்கம் போகமாட்டான். புருஷனுக்காகப் பொய் சொன்னவள் என்று டெப்போவில் ஆனந்தவள்ளிக்கு மரியாதை கூடிப்போனது. அந்த மரியாதையைப் போல அவளை வதைத்தது வேறொன்றில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் பிரதீப் ஒரு பெண்ணைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "மீரானுக்குப் பதிலா வேலை குடுத்திருக்காங்க. ஒங்க கூடத்தான் போட்டிருக்கு" என்று விட்டுவிட்டுப் போனார். கறுப்புத் துப்பட்டாவுக்குள் ஜைத்தூன் பாதியாக இளைத்திருந்தாள்.

முதல் இரண்டு நாள் இருவரும் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஜைத்தூன்தான் தன் சோற்று டப்பாவை நகர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்க மேல எனக்கு வருத்தமில்லக்கா. அந்த மனுஷன் செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? புருஷன விட்டுக்குடுக்க முடியுமா?" டப்பாவைத் திறந்து பாதி மீனை எடுத்து ஆனந்தவள்ளியின் சோற்றில் வைத்தாள். "அவுக எப்பவும் ஒங்களத்தான் சொல்வாக. அக்கா போல்ட்டுக்குக்கூடப் பொட்டு வெச்சுத்தான் அனுப்பும்னு. அது எப்படிக்கா வெக்கிறது? எனக்கும் சொல்லிக்குடுங்க. அவுக சொன்ன வேலை, நான் செய்யுறேன்."

ஆனந்தவள்ளி அந்த மீனைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் இருந்திருப்பார்கள். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, அடுக்கிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து ஜைத்தூன் கையில் கொடுத்தாள். அவள் விரலைப் பிடித்து அம்புக்குறியின் மேல் வைத்தாள்.

"இது மறையக் கூடாது ஜைத்தூன்."

"மறைஞ்சா என்னக்கா?"

சொன்னாள். மெமோ வாங்கினதிலிருந்து, தார் உருக்கினதிலிருந்து, மீரான் கையைப் பிடித்துத் தடுத்துச் சிரித்ததிலிருந்து, புருஷன் வாயாலேயே பொய்க்காரியானது வரை ஒன்று விடாமல் சொன்னாள். ஜைத்தூன் அம்புக்குறியின் மேல் வைத்த விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத நீங்க அந்தப் பெரியவர்ட்ட சொன்னீங்களா?"

"தரையில அடிச்சுச் சொன்னேன். ஒருத்தரும் நம்பல."

"நான் நம்புறேன்," என்றாள் ஜைத்தூன்.

போல்ட்டை எடுத்த இடத்தில் வைத்தாள். ஆனந்தவள்ளியின் சோற்றிலிருந்து மீனைத் திருப்பி எடுத்துத் தன் டப்பாவில் போட்டு மூடினாள். கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே லாரி ஆரன் கேட்டது. ஒரே ஒரு தடவை. ஆனந்தவள்ளி எழுந்துபோய்க் கேட்டைத் திறந்தாள். இரும்பு மூட்டை, தனியாகத் தூக்க முடியாது. கொஞ்ச நேரம் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜைத்தூன் வந்தாள், முகத்தைப் பார்க்காமல் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.